பூவரசு காயும் நாட்கள்

நவம்பர் 18, 2024, திங்கள்

காலை முழுக்க வால்டாக்ஸ் ரோட்டில் மரவாடி மரவாடியாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "எத்தனை கன அடி?" அம்மாவுக்கு ஒரு நாற்காலி செய்ய எனக்கு வேண்டியது சில சட்டங்கள்தான். ஐந்தடி நீளம், ஒரு அங்குலக் கனம். கணு கூடாது. நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். சூளையில் உலர்த்தியது வேண்டாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் முகம் மாறுகிறது. "ஈர மரத்தை வாங்கி என்ன பண்ணப் போறீங்க தம்பி?"

கதவு ஜன்னல் செய்கிறவர்களுக்குக் காய்ந்த மரம்தான் சரி. ஆவியில் வளைக்கப் போகிறவனுக்கு அது ஆகாது. மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின், சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் இளகும். சூளைக்குப் போய் வந்த மரத்தில் அது இறுகிவிடுகிறது. ஊறப்போட்டாலும் பழைய இளக்கம் முழுசாகத் திரும்புவதில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவை இன்று எழுந்து நிற்க வைத்தார்களாம். அக்கா போன் செய்தாள்.

நவம்பர் 19, செவ்வாய்

உட்காரும் பலகை 18 அங்குலமா, 19 அங்குலமா? தாழ்வாக இருக்கவே கூடாது என்று மட்டும் சொல்கிறார்கள்.

நவம்பர் 21, வியாழன்

புளியந்தோப்பு சேட்டு பீச் மரம் காட்டினார். ஐரோப்பாவிலிருந்து வருவது, வெளிர் சிவப்பு, கைவைத்தால் வழவழப்பு. "இது ஏற்கனவே ஸ்டீம் பண்ணதுதான் தம்பி, நல்லா வளையும்" என்றார். அந்த ஸ்டீம் அறுவை மில்லிலேயே நிறத்துக்காகக் கொடுப்பது. அதற்கு அப்புறம் சூளையில் போட்டு 10 சதவீத ஈரத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். ஆனாலும் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்தேன். பீச்சை அவ்வளவு சுலபமாக ஒதுக்க மனசு வரவில்லை. மைக்கேல் தோனெட்டின் 14-ம் எண் நாற்காலி, 1859-ல் வந்தது, ஆவியில் வளைத்த பீச்தான். ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான் மொத்த நாற்காலியும். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி. அவர் தொழிற்சாலையையே மத்திய ஐரோப்பாவின் மொரேவியாவில் பீச் காடுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். மரம் அவர் கைக்குப் பச்சையாக வந்தது.

சாயங்காலம் அந்தத் துண்டிலிருந்து அரை அங்குலக் குச்சி இழைத்து ஆவிப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து வளைத்தேன். கேரட் மாதிரி குறுக்கே பட்டென்று போய்விட்டது. நல்ல மரம் உடைந்தாலும் நீளநீளமாகச் சிலும்பு கிளம்பித்தான் உடையும். உடைந்த வாயைப் பார்த்தாலே போதும், மரத்தின் குணம் தெரிந்துவிடும்.

நவம்பர் 22, வெள்ளி

அம்மா வாக்கர் பிடித்துக் கதவு வரை நடந்திருக்கிறாள்.

நவம்பர் 24, ஞாயிறு

பெரம்பூர் கேரேஜில், ரயில் பெட்டிப் பட்டறையில், வேலை பார்த்து ரிடையர் ஆன மாமா பட்டறைக்கு வந்தார். "வேம்பு கெடக்கே மாப்ளே, அதை வளையேன்" என்றார். மூலையில் கிடந்த வேப்பங்கட்டையில் ஆப்பு அடித்துக் காட்டினேன். பிளக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு அடுக்கு நார் இந்தப் பக்கம் சாய, அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் சாய, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கிறது. பெட்டி செய்யலாம், கட்டில் செய்யலாம். வளைத்தால் நார் எங்கே மேலே எட்டிப் பார்க்கிறதோ அங்கே பிய்த்துக்கொள்ளும்.

பூவரசையும் அவர்தான் சொன்னார், போன மாதக் கடைசியில். கொடுங்கையூரில் ஒரு வீட்டுப் பின்பக்கம் சாய்ந்து நின்றதை வெட்டப்போகிறார்கள் என்று. பூவரசு பெரும்பாலும் கோணல்மாணலாகத்தான் வளரும், அதனால்தான் மரவாடிக்காரர்கள் அதைச் சீண்டுவதில்லை. இந்த மரம் இரண்டு சுவருக்கு நடுவில் வெளிச்சம் தேடி நேராக ஏறியிருந்தது. அடியிலிருந்து ஆறடிக்குக் கிளையே இல்லை. வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் நம்பி எடுத்த மரம் என்றார் மாமா.

அறுக்கவில்லை, பிளந்தேன். ரம்பம் கோடு போட்ட வழியில் நேராகப் போகும், நார் எப்படி ஓடுகிறது என்று அதற்குக் கவலை இல்லை. ஆப்பு நாரின் வழியில்தான் போகும். பிளந்த சட்டம் பார்வைக்கு லேசாக நெளிந்திருந்தாலும் அதில் ஒரு நார்கூட நடுவில் அறுபட்டிருக்காது. முனைகளுக்கு மெழுகு தடவி மின்விசிறிக்குக் கீழே அடுக்கியிருக்கிறேன். இப்போதைக்கு அது காய்வதைப் பார்ப்பதுதான் வேலை.

நவம்பர் 26, செவ்வாய்

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். ஒரு அங்குலக் கனமான சட்டத்தை அரை வட்டமாக வளைத்தால் வெளிப்பக்கத்தின் நீளம் உள்பக்கத்தைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் அதிகம். வட்டம் பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. அந்த மூன்று அங்குலம் எங்கிருந்து வரும்? ஆவியில் வெந்த மரம்கூட ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் இழுபடாது, கிழிந்துவிடும். ஆனால் நசுங்கும், நான்கில் ஒரு பங்கு வரைக்கும். அதனால் வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டையைக் கட்டி, இரண்டு முனையிலும் கட்டை முட்டுக்கொடுத்து, வெளிப்பக்கம் நீள இடமில்லாமல் செய்துவிட வேண்டும். உள்பக்கம் தானாக நசுங்கி வழிவிடும்.

பட்டை சாதா இரும்பாக இருக்கக் கூடாது. ஈர மரத்தில் துவர்ப்பு இருந்தால் இரும்பு பட்ட இடமெல்லாம் கருநீலமாகிவிடும். எவர்சில்வர் தகடு மூர்மார்க்கெட் பக்கம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

வார்டுக்கு வெளியே நாள் முழுக்கக் காத்திருந்தேன். இடுப்பு, முட்டி என்று வருகிறவர்கள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலால் எழுவதில்லை. இரண்டு கையையும் கைப்பிடியின் முன்முனையில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் ஒரு விநாடி அதன்மேல் ஏற்றிவிட்டுத்தான் எழுகிறார்கள்.

கைப்பிடியும் முதுகும் ஒரே வளைவாக வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். பலகையில் வளைவாக வரைந்து அறுத்து எடுக்கலாம், கடையில் விற்பதெல்லாம் அப்படித்தான். ஆனால் வளைவு திரும்புகிற இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு இரண்டு அங்குல நீளம்கூட மிஞ்சாது. எடை விழுந்தால் பிளப்பது அங்கேதான். எடை விழப்போவது அம்மாவுடையது.

நவம்பர் 30, சனி

ஃபெங்கல் புயல். கரண்ட் இல்லை, மின்விசிறி இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள், பட்டறைக்குச் சுற்றிக்கொண்டு போனேன். தண்ணீர் வாசற்படி வரைதான். சட்டங்களை லாஃப்டில் ஏற்றிவிட்டேன். காற்றே தண்ணீராக இருக்கிறது, மரம் எங்கே காயும்?

டிசம்பர் 2, திங்கள்

அக்கா வீட்டு கேக் ஓவனில் ஒரு சின்னத் துண்டை வைத்து எடை பார்த்தேன். போகும்போது 73 கிராம். 105 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும் வரை விட்டதில் 56 கிராம். வித்தியாசம் 17. அதை 56-ஆல் வகுத்தால் 30 சதவீத ஈரம்.

இன்னும் அதிகம். ரொம்பப் பச்சையாக வளைத்தால் உள்பக்கம் நசுங்கும்போது மரத்தின் நுண்ணறைகளுக்குள் நிற்கிற தண்ணீருக்குப் போக வழி இருக்காது, அறைச் சுவர் வெடித்துச் சுருக்கம் விழும். 20-க்கும் 25-க்கும் நடுவில் வர வேண்டும்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஓவனைத் துடைத்து வைத்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்புவது தள்ளிப்போகிறது.

டிசம்பர் 4, புதன்

மரத்தைத் தொடவில்லை.

டிசம்பர் 7, சனி

காய்ச்சல் விட்டது. இட்லி கேட்டிருக்கிறாள்! சட்னி காரமாக இல்லை என்று குறையும் சொன்னாளாம்.

மாதவரத்தில் ஒரு தோட்டத்தில் முசுக்கட்டை மரம் நிற்கிறது என்று தெரிந்தவர் போட்டோ அனுப்பினார். மல்பெரிதான். வடக்கே ஹாக்கி மட்டை செய்கிற மரம், அந்தக் கொக்கி வளைவு இந்த மரத்தில்தான் வந்தது. போட்டோவில் இடுப்பளவிலேயே கிளை பிரிந்துவிட்டது. நான்கடி தேறினால் அதிகம். வளைவுக்குப் பத்தாது, முதுகுக் கம்பிகளுக்கு ஆகும். வெட்டும்போது சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

சவுக்கு பற்றியும் யோசித்தேன். பொன்னேரிப் பக்கம் நேர்நேராக எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் காயக் காய வெடிப்பு விடுகிற மரம், அம்மா உட்காருகிற நாற்காலியில் அதை வைக்க மாட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

62 கிராம், 50 கிராம். 24 சதவீதம்!

மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லாச் சட்டத்தையும் பாலிதீன் சுற்றி வைத்துவிட்டேன், இதற்கு மேல் காயக் கூடாது. இழைத்த முகத்தில் ஒரு சொட்டு மை விட்டுப் பார்த்தேன். மை நாரோடு ஓடும். 15 அங்குல நீளத்துக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் விலகினால் அந்தச் சட்டம் வளைவுக்கு ஆகாது. பூவரசில் மை விளிம்பை ஒட்டியே போனது. ஒன்றில் மட்டும் பாதி வழியில் ஒரு கணு தெரிந்தது. அதைக் கால் குறுக்குச் சட்டத்துக்கு ஒதுக்கிவிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

மழை. உட்காரும் பலகை 19 அங்குலம். பிசியோ பெண் டேப் வைத்து அளந்தே சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். மழையில் வாசல் விளக்கு நிற்கவில்லை, உள்ளே ஏற்றினோம்.

மதியம் பூவரசுக் குச்சியை வைத்துப் பார்த்தேன், பீச்சுக்குச் செய்த மாதிரியே அரை அங்குலம், அரை மணி நேரம். வளைவாக வெட்டிய அச்சைச் சுற்றிச் சத்தமே இல்லாமல் வந்தது. பிறகு வேண்டுமென்றே அளவுக்கு மீறி மடக்கினேன். அப்போதும் முறியவில்லை, வெளிப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குச் சிலும்பு எழுந்தது. மாமா அந்தக் குச்சியை வாங்கி ரொம்ப நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி, அதுவும் பெட்டி 100 டிகிரியைத் தொட்டதிலிருந்து கணக்கு. வெளியே எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் அச்சில் ஏற்றியாக வேண்டும். விட்டுவிட்டால் ஆறி விறைத்துவிடும். அச்சின் வளைவை வேண்டியதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வெட்டியிருக்கிறேன், அவிழ்த்ததும் கொஞ்சம் திரும்பும் என்பதற்காக. இந்த ஈரத்தில் ஒரு வாரமாவது அச்சிலேயே கிடக்கட்டும்.

திங்கட்கிழமை அனுப்பலாம் என்கிறார்கள். அதற்குள் நாற்காலி முடியாது, அதுவரை பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கீழே கட்டை வைத்து 19 ஆக்கிவிடலாம் என்றாள் அக்கா. பிளாஸ்டிக் கைப்பிடி அசைகிறதே என்றேன். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றாள்.

நாளை விடிகாலை பாய்லர் பற்றவைக்க வேண்டும். பட்டை பிடிக்க ஒரு ஆள், முனையை இழுக்க ஒரு ஆள். எதிர்வீட்டுத் தம்பி நைட் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வருவானா என்று இப்போதே கேட்டுவிடுகிறேன்.