லேஸ் வைத்த பூட்ஸா, லேஸ் இல்லாததா? காலைப் பார்த்து முடிவெடுங்கள்

சாக்கர் பூட்ஸ் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறம். அடுத்தது, எந்த ஆட்டக்காரர் அதைப் போடுகிறார் என்பது. லேஸ் வேண்டுமா வேண்டாமா என்பதையும் பலர் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். டிவியில் பார்த்தது, பார்க்கப் புதுமையாக இருக்கிறது, பையன் கேட்கிறான் என்று வாங்கிவிடுகிறார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஏதோ ஒரு மைதானத்தின் ஓரத்தில் குதிகால் தோல் உரிந்து உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்க்கும்போதுதான், பூட்ஸ் காலுக்குப் பொருந்தவில்லை என்பது தெரிகிறது.

லேஸ் செய்கிற வேலை என்ன என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். லேஸை இழுக்கும்போது பூட்ஸின் இரண்டு பக்கமும் மேற்பாதத்தின் மேல் வந்து அழுத்துகின்றன. அந்த அழுத்தம் பாதத்தைப் பின்னால் தள்ளி, குதிகாலை அதன் குழிக்குள் உட்கார வைக்கிறது. குதிகால் நழுவாமல் இருப்பதற்கும், ஓடி வந்து சட்டென்று நிற்கும்போது விரல்கள் முன்னால் போய் முட்டாமல் இருப்பதற்கும் காரணம் மேற்பாதத்தில் இருக்கும் இந்தப் பிடிதான். லேஸ் இல்லாத பூட்ஸில் இதே வேலையை மீள்தன்மையுள்ள பின்னல் துணியோ பட்டையோ செய்கிறது. எவ்வளவு இறுக்கம் என்பதைத் தொழிற்சாலை முடிவு செய்து அனுப்பிவிட்டது. நீங்கள் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. அந்த அச்சுக்கு உங்கள் கால் ஒத்துப்போனால் அருமையான பூட்ஸ். ஒத்துப்போகாவிட்டால் திருத்தவே முடியாத பூட்ஸ்.

லேஸ் இல்லாத பூட்ஸ் பலர் நினைப்பது போல நேற்று வந்ததில்லை. இத்தாலியின் லோட்டோ நிறுவனம் 2006இலேயே ஸீரோ கிராவிட்டி என்ற பெயரில் ஒன்றை விற்றது. 2016இல் அடிடாஸ் ஏஸ் 16+ ப்யூர்கன்ட்ரோலைக் கொண்டுவந்து, ஜெர்மனி ஆட்டக்காரர் மெசூட் ஓசில் காலில் அது தெரிந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பேச்சானது. பின்னால் அடிடாஸின் பிரெடேட்டர் 18+ வந்தது, பிரான்ஸ் ஆட்டக்காரர் போக்பா போட்டார். ஆனால் இன்று அதே பிரெடேட்டர் வரிசையை லேஸோடும், லேஸ் இல்லாமலும், லேஸை மூடுகிற மடிப்பு நாக்கோடும் விற்கிறார்கள். பூமா தன் ஃபியூச்சர் அல்டிமேட்டை லேஸ் கட்டியும் போடலாம், கழற்றிவிட்டும் போடலாம் என்று சொல்லித்தான் விற்கிறது. லேஸை ஒழிக்கப் புறப்பட்ட அடிடாஸே அதை விடவில்லை என்பதை வாங்குகிறவர் கவனிக்க வேண்டும்.

பந்தை உதைக்கும் பரப்பு மழமழவென்று இருப்பதால் ஷாட் நேராகப் போகும் என்பார்கள். அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பந்து எங்கே போகிறது என்பதை ஊன்றும் காலின் இடமும் கணுக்காலின் உறுதியும் முடிவு செய்கின்றன. லேஸின் பங்கு மிகச் சிறியது. லேஸ் இல்லாததில் உண்மையான லாபம் வேறு. மேற்பாதத்தில் லேஸ் அழுத்தி எலும்பின் மேல் வலி வருகிறவர்களுக்கு அந்த இடத்தில் முடிச்சு இருக்காது, அழுத்தம் பரவலாக விழும். ஆட்ட நடுவே அவிழ்ந்து போகும் தொல்லையும் இல்லை.

உங்கள் கால் எந்த ரகம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஏற்கெனவே இருக்கிற லேஸ் பூட்ஸைப் போட்டு, ஆட்டத்துக்குக் கட்டுகிற மாதிரியே இறுக்கிக் கட்டுங்கள். இப்போது மேலிருந்து பார்த்தால் லேஸ் துளைகள் இரண்டு வரிசையாகத் தெரியும். வரிசைகள் ஏறக்குறைய இணையாக, நடுவில் ஓரளவு இடைவெளியோடு ஓடினால் உங்கள் பாதம் நடுத்தரம். லேஸ் இல்லாததைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கிவிட்டால் பாதம் மெலிந்தது. லேஸ் இல்லாதது இன்று இறுக்கமாகத் தோன்றினாலும், பின்னல் கொஞ்சம் தளர்ந்ததும் உள்ளே கால் ஆட ஆரம்பிக்கும். மேல்பக்கம் அகலமாக விரிந்து நின்றால் மேற்பாதம் உயரம். லேஸ் இல்லாததற்குள் கால் நுழைவதே கஷ்டம், நுழைந்தாலும் நெரிக்கும். இரண்டு காலுக்கும் இடைவெளி வேறு வேறாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், நிறையப் பேருக்கு அப்படித்தான். லேஸ் இருந்தால் ஒவ்வொரு காலையும் தனித்தனியாகச் சரிசெய்துகொள்ளலாம்.

முன்பாதத்தின் அகலத்தையும் பாருங்கள். செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகன்றிருக்கும். இங்கே பிள்ளைகள் முற்றத்திலும் பள்ளிப் புல்வெளியிலும் வெறுங்காலோடுதான் பந்து ஆடுகிறார்கள். அகன்ற முன்பாதமும் ஒடுங்கிய குதிகாலும் சேர்ந்த காலுக்கு லேஸ்தான் சரி. முன்னால் தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் கட்டிக்கொள்ள அதில் மட்டுமே முடியும்.

கடையில் சோதிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், ஆடும்போதும் அதே நிலைமைதான். ஆட்டத்துக்குப் போடும் அதே சாக்ஸை எடுத்துப் போங்கள். ஆர்தோட்டிக் இன்சோல் (பாதத்தைத் தாங்கும் தனி உள்தட்டு) வைக்கிறவர்கள் அதையும் கொண்டுபோக வேண்டும். அது உள்ளே இடத்தை அடைத்துப் பாதத்தை உயர்த்திவிடும். லேஸைத் தளர்த்தினால் சமாளிக்கலாம், லேஸ் இல்லாததில் அதற்கு இடமில்லை. கணுக்காலுக்குப் பட்டை கட்டுகிறவர்களுக்கும் இதே சிக்கல்.

போட்டதும் எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 5 முதல் 8 மி.மீ. இடம் போதும். நம் ஊரில் பூட்ஸ் அளவு பிரிட்டிஷ் எண்ணில்தான் வருகிறது. ஒரு முழு எண்ணுக்கு சுமார் 8.5 மி.மீ., அரை எண்ணுக்கு அதில் பாதி. ஆகவே அரை எண் மாற்றிப் பார்ப்பது வீண்வேலை இல்லை. அடுத்து, படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பூட்ஸ் அங்கேயே நின்று குதிகால் மட்டும் எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம். பிறகு இடமும் வலமுமாகச் சட்டென்று வெட்டித் திரும்புங்கள். பாதம் இன்சோலின் மேல் வழுக்கி ஓரத்துக்குப் போகிறதா என்று உணர வேண்டும். கடைசியாக நாலைந்து அடி ஓடிவந்து நின்று பாருங்கள். விரல் முன்னால் முட்டினால், நகம் கறுக்கப்போவது நிச்சயம். லேஸ் இல்லாதது இந்த எல்லாச் சோதனையிலும் முதல் நாளே தேற வேண்டும். “போடப் போடச் சரியாகிவிடும்” என்று கடைக்காரர் சொன்னால், இறுக்கம் தளரும் என்பது மட்டும்தான் உண்மை. தளர்ந்தது மறுபடி இறுகாது. இதே காரணத்தால், போட்டுப் பார்க்காமல் ஆன்லைனில் லேஸ் இல்லாததை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆட்டத்தில் பூட்ஸ் தற்செயலாகக் கழன்றுவிட்டால் விதி என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்ட விதி 4 இதைச் சொல்கிறது: கூடிய சீக்கிரம், அதிகம் போனால் பந்து அடுத்து வெளியே போகும் நேரத்துக்குள், மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் அந்தக் காலோடு கோல் அடித்தால் செல்லும்.

லேஸ் பக்கம் சாய்ந்தவர்கள் கட்டுவதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். லேஸ் மேல் வரும் புகார்களில் பெரும்பாலானவை கட்டும் முறையால் வருகிறவை. காலை நுழைப்பதற்கு முன் லேஸை அடிவரை தளர்த்துங்கள். நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொரு குறுக்காக இழுத்து வாருங்கள்: விரல் பக்கம் தளர்வு, நடுவில் மிதம், மேலே உறுதி. மேல் லேஸை மட்டும் பிடித்து இழுத்தால் எல்லா அழுத்தமும் ஒரே கோட்டில் விழுந்து மேற்பாதம் வலிக்கும், விரல்கள் மரத்துப்போகும். குறிப்பிட்ட ஓர் இடத்தில் எலும்பு துருத்திக்கொண்டு வலித்தால், அந்த இடத்தில் மட்டும் குறுக்கே போடாமல் லேஸை அதே பக்கத்து அடுத்த துளைக்கு நேராக ஏற்றிவிடுங்கள்.

குதிகால் இன்னும் நழுவுகிறதா? கடைசித் துளைக்கு முந்தினதிலிருந்து கடைசித் துளைக்கு லேஸை அதே பக்கமாக நேரே ஏற்றுங்கள். அங்கே ஒரு சின்ன வளையம் உண்டாகும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, வலது நுனியை இடது வளையத்துக்குள்ளும் இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்த பிறகு முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் பிடித்து வைத்தது போல நிற்கும்.

முடிச்சு ஏன் அவிழ்கிறது என்பதை 2017இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஓடும்போது கால் தரையில் மோதுகிற வேகமாற்றம் புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு. அந்த அதிர்ச்சி முடிச்சை நெகிழ்த்துகிறது, காற்றில் வீசியாடும் நுனிகள் அதை இழுத்துவிடுகின்றன. முடிச்சு வகையும் முக்கியம். பூ முடிச்சு பாதத்துக்குக் குறுக்கே கிடந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். பாதத்தின் நீளவாக்கில் திரும்பிக்கொண்டால் அது பலவீனமான முடிச்சு. முதல் சுற்றை எதிர்த்திசையில் போட்டால் போதும், திருந்திவிடும். முதல் சுற்றில் லேஸை இரண்டு முறை சுற்றினால் இறுக்கம் கைவிட்டுப் போகாது. மிச்ச நுனி நீளமாக இருந்தால் வீச்சு அதிகம், ஆகவே அதைக் குறுக்கு லேஸின் அடியில் செருகிவிடுங்கள். சிலர் பூட்ஸுக்கு அடியில் சுற்றிக் கட்டுவார்கள். அது வேண்டாம்: ஸ்டட் (அடித்தட்டின் முனைகள்) பக்கம் லேஸ் உராய்ந்து அறுந்துபோகும், பாதக்குழியிலும் அழுத்தும்.

மைதானமும் இதில் ஒரு கட்சி. டர்பனில் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை. அப்போது கிகூயு என்ற புல் வளர்ந்த மைதானம் மெத்தென்று இருக்கும். குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்கு ஆடப் போனால் அதே புல் பழுப்பாகக் காய்ந்து, தரை கல்லாகக் கிடக்கும். அங்கே எஸ்ஜி (மென்மையான தரைக்கானது) திருகு ஸ்டட் போட்டால் ஒவ்வொரு ஸ்டட்டும் பாதத்தில் குத்தும். எஃப்ஜி (உறுதியான தரைக்கானது) அச்சு ஸ்டட்தான் பொருத்தம், மிகவும் கடினமென்றால் டிஎஃப் (சின்னச் சின்ன ரப்பர் முனைகள் நிறைந்தது). செயற்கைப் புல்லில் அதற்கென்றே செய்த ஏஜி அல்லது டிஎஃப் போடுங்கள். செயற்கைப் புல் அடித்தட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். பூட்ஸ் நின்றுவிடும், உடம்பு போய்க்கொண்டிருக்கும், நடுவில் பாதம் பூட்ஸுக்குள் நகரும். தளர்ந்த பின்னல் இருக்கிறவர்களுக்குக் கொப்புளம் அங்கேதான் சீக்கிரம் வருகிறது.

பிள்ளைகளுக்கு வாங்கும் அப்பா அம்மாவுக்கு: வளரும் கால் என்று இரண்டு எண் பெரிதாக வாங்காதீர்கள். அது 17 மி.மீ. காலி இடம், பிள்ளை பந்தை உதைக்கும் முன் பூட்ஸ் தரையை உதைக்கும். அரை எண் கூடுதல் போதும், அதுவும் லேஸ் வைத்ததில் மட்டும். இன்னொன்றும் பாருங்கள். விலை குறைந்த லேஸ் இல்லாத பூட்ஸின் வெளித்தோற்றம் விலை உயர்ந்ததைப் போலவே இருக்கும், உள்ளே பின்னல் வேறு. மேல்விலையில் பாதத்தைச் சுற்றி இறுக்கும் அமைப்பு இருக்கும். கீழ்விலையில் பல சமயம் நடுவில் ஓர் எலாஸ்டிக் பட்டை, அவ்வளவே. அந்தப் பணத்துக்கு லேஸ் வைத்த நல்ல ஜோடி கிடைக்கும். லேஸ் கட்டத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் வெல்க்ரோ போதும்.

லேஸ் இல்லாததுதான் காலுக்குச் சரி என்று ஆகிவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ளும் விதம் தெரிய வேண்டும். கணுக்காலைச் சுற்றும் காலரை இரண்டு கையாலும் பிடித்து அகட்டி, இழுப்பு வாரைப் பின்னால் பிடித்து, விரல்களை முதலில் முழுசாக உள்ளே விட்டபின் குதிகாலை இறக்குங்கள். வாரை மட்டும் பிடித்து இழுத்தால் தையல் விடும். ஈரத்தில் நுழையாவிட்டால், விரல் பக்கம் ஓட்டை வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பாதத்தின் மேல் போர்த்தி நுழைத்துவிட்டு, பையைக் கணுக்கால் பக்கமாக மேலே உருவிக்கொள்ளலாம். கழற்றும்போது மற்றக் காலால் குதிகாலை மிதித்துத் தள்ளுவது இந்த வகைக்கு எமன். பின்பக்கம் மடங்கிவிட்டால் பிடியே போச்சு.

டர்பன் ஈரக்காற்றில் காய வைப்பது தனி வேலை. லேஸ் பூட்ஸில் இன்சோலை எடுத்து, நாக்கை வெளியே இழுத்துவிட்டால் வாய் திறந்து காற்றுப் போகும். லேஸ் இல்லாததில் வாய் மூடியே இருப்பதால் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஒரு மணி நேரத்தில் நனைந்ததை எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். இரண்டையும் நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டால் பசை இளகி அடித்தட்டு வாயைப் பிளக்கும். லேஸ் அறுந்தால் சில ராண்டில் புதுசு வந்துவிடும். ஆறு ஜோடித் துளைக்கு 120 செ.மீ. தட்டை லேஸ் பெரும்பாலும் சரியாக வரும், பையில் ஒரு ஜோடி கூடுதலாகப் போட்டு வையுங்கள். காலர் தளர்ந்துவிட்டால் அதை மாற்ற வழியில்லை, அடுத்த ஜோடிதான்.