பெட்டி பிரிக்காத வி.சி.ஆரா, பலர் கைபட்ட வி.சி.ஆரா?

வீட்டில் சேர்ந்துகிடக்கும் வி.எச்.எஸ். வகை வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும் என்று முடிவெடுத்தவுடன், அவற்றை ஓட்டும் கருவியான வி.சி.ஆரைப் புதிதாக வாங்குவதா, பழையதை வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், இன்று புதியது என்று விற்கப்படுவது பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள்ளேயே இருந்த சரக்குதான்.

பயன்படாமல் இருந்ததால், நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் அதன் ஹெட் தேய்ந்திருக்காது என்பது உண்மை. ஆனால் ரப்பர் பெல்ட் தளர்வதற்கும், நாடாவை அழுத்தி நகர்த்தும் பின்ச் ரோலர் இறுகிப்போவதற்கும், கிரீஸ் கெட்டியாவதற்கும், மின்தேக்கிகள் உலர்வதற்கும் காலம் ஒன்றே போதும். கெட்டியான கிரீஸால், ஹெட்கள் பொருந்திய டிரம் என்ற சுழலும் உருளையைச் சுற்றி நாடாவை இழுத்துவரும் பகுதி பாதி வழியில் நின்றால், கசங்குவது திரும்பக் கிடைக்காத ஒரு திருமணப் பதிவாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, கடைசிக் காலத்தில் வந்த கருவிகள் பெரும்பாலும் செலவைக் குறைத்துச் செய்யப்பட்டவை, டிவிடியும் வி.சி.ஆரும் சேர்ந்த பல பெட்டிகளில் கேசட் படத்துக்கு எஸ்-வீடியோ இணைப்பே கிடையாது. வி.எச்.எஸ். நாடாவில் ஒளியும் நிறமும் தனித்தனியாகவே பதிவாகின்றன என்பதால், அவற்றைக் கலக்காமல் வெளியே அனுப்பும் அந்த இணைப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆகவே என் தேர்வு, 1990களில் வந்த நல்ல எஸ்-வி.எச்.எஸ். (வி.எச்.எஸ்.ஸின் மேம்பட்ட வடிவம்) டெக் ஒன்றைப் பழையதாக வாங்குவதே. அவற்றில் சிலவற்றில் டி.பி.சி. எனப்படும் நேரத் திருத்தச் சுற்றும் உள்ளேயே இருக்கும். பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையில் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் டிரம்மின் மீது சற்றே நீண்டுபோன நாடா ஓடும்போது, படத்தின் ஒவ்வொரு வரியும் சிறிது முன்பின்னாக வந்து, நேரான கதவுச் சட்டமும் நெளிந்து தெரியும், டி.பி.சி. அந்த வரிகளை ஒரு கணம் நிறுத்திவைத்துச் சீரான இடைவெளியில் அனுப்புகிறது. படத்தின் நடுக்கம் இதனால் குறைவதைப் பார்த்த பிறகு, இது இல்லாத கருவியோடு நிறைவடைவது கடினம்.

விற்பவர் "மின்சாரம் வருகிறது" என்று மட்டும் சொன்னால் விலகிவிடுவது நல்லது. இழந்தாலும் வருந்தாத ஒரு கேசட்டைப் போட்டு, முன்னும் பின்னும் ஓட்டி, வெளியே எடுத்து, நாடாவின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹை-ஃபை எனப்படும் உயர்தர ஒலி, சுழலும் ஹெட்களால் பதிவாவதால், அதில் விட்டுவிட்டு இரைச்சல் எழுந்தால், ஹெட் தேய்ந்திருக்கிறதா, நாடாப் பாதை விலகியிருக்கிறதா என்று சந்தேகிக்கலாம். பழுது பார்க்கப்பட்டது என்றால், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

எட்டு மில்லிமீட்டர் கேசட் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. 1999இல் அறிமுகமான டிஜிட்டல்8 கேமராக்களில் சில, வீடியோ8, ஹை8 என்ற பழைய எட்டு மில்லிமீட்டர் வகைக் கேசட்டுகளையும் ஓட்டி, கணினியுடன் இணைக்கும் ஃபயர்வயர் கம்பி வழியாக நேரடியாக எண்முறைப் படமாகவே தந்துவிடுகின்றன. ஆனால் எல்லா மாதிரிகளிலும் இந்த வசதி இல்லாததால், கையேட்டைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.