பீரோ சாவியிலிருந்து பி.லிப். வரை

நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் நூலகம் என்றால் இரண்டு இரும்பு பீரோக்கள். தமிழாசிரியை என்பதால் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். “ஒரு புத்தகம் குறைஞ்சாலும் உங்க சம்பளத்துலதான் பிடிப்போம் மேடம்” என்று சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வருடம் நான் அந்தப் பீரோக்களைத் திறந்தது ஆய்வுக்கு ஆள் வரும் நாட்களில் மட்டும்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து கேட்டால் “அப்புறம் வாங்க” என்பேன். அந்த உறுத்தல்தான் என்னை நூலக அறிவியல் படிக்க வைத்தது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்களோடு ஒரு நூலகம் வேண்டும் என்கிறது. ஆனால் அதன் அட்டவணையில் நூலகர் என்ற சொல்லே இல்லை. அதனால்தான் பல பள்ளிகளில் சாவி யாரோ ஓர் ஆசிரியர் கையில் இருக்கிறது. நீங்களும் அப்படி ஒருவராக இருந்தால் இது உங்களுக்குத்தான்.

பள்ளி நூலகராக, பட்டப்படிப்புக்கு மேல் ஓராண்டு பி.லிப். (நூலக அறிவியல் இளநிலைப் பட்டம்) முடித்தால் பெரும்பாலும் போதும். கேந்திரிய வித்யாலயா நூலகர் பணிக்கும் நூலக அறிவியல் இளநிலைப் பட்டம், அல்லது ஏதேனும் ஒரு பட்டத்தோடு ஓராண்டு நூலக அறிவியல் டிப்ளமோ கேட்கிறார்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு கல்லூரி, பல்கலைக்கழகப் பணிகளுக்கானது. அதை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம். வேலையை விடாமல் தொலைநிலையில் படிப்பதாக இருந்தால், சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தியரி தாள்களை ஆசிரியர் வேலை பார்த்தவர்கள் எழுதிவிடுவார்கள். கவிழ்ப்பது பிராக்டிகல். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போடும் வகைப்படுத்தல் பிராக்டிகலில் நான் முதல் முறை தோற்றேன். அந்த எண்கள் உள்ள டூயி தசம முறைத் தொகுதிகளைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள், பார்த்து எழுத வேண்டியதுதானே என்று நினைத்திருந்தேன். தலைப்பைப் படித்து, இன்டெக்ஸில் தேடி, கிடைத்த எண்ணை அப்படியே எழுதினேன். இன்டெக்ஸ் வழிகாட்டும், அவ்வளவுதான். எண்களை வரிசையாகத் தரும் ஷெட்யூலுக்குப் போய், அந்த எண்ணின் கீழ் உள்ள குறிப்புகளைப் படித்து உறுதி செய்த பிறகே எழுத வேண்டும்.

எனக்குப் பிடிபட்டது இந்த இடத்தில்: தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. தமிழ் அகராதி 494.8113. தமிழ் நாவல் 894.8113. இரண்டும் 3-இல்தான் முடிகின்றன. ஆனால் முதல் 3, எண்ணோடு ஒட்ட வேண்டிய இலக்கங்களைத் தரும் துணை டேபிள்களில் நான்காவதிலிருந்து வந்த ‘அகராதி’; இரண்டாவது, மூன்றாம் டேபிளிலிருந்து வந்த ‘புனைகதை’. ஒரே இலக்கம், எந்த டேபிளிலிருந்து வருகிறதோ அதற்குத் தக்கபடி பொருள் மாறுகிறது. தமிழ்நாட்டைக் குறிக்கும் 5482 மட்டும் இரண்டு எண்களிலும் அப்படியே வரும்: தமிழ்நாட்டு வரலாறு 954.82, தமிழ்நாட்டுப் புவியியல் 915.482. இந்த எண்களை மனப்பாடம் செய்யாமல், டேபிள்களை எடுத்து நீங்களே கட்டிப் பாருங்கள். எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது கைக்கு வந்துவிடும். அடுத்த முறை நான் தினமும் இரவு பள்ளிப் பீரோவிலிருந்து பத்துப் புத்தகங்களை எடுத்து வந்து எண் போட்டுப் பழகினேன். ஆறு வாரத்தில் பயம் போய்விட்டது.

நூல்களின் விவரத்தை அட்டையில் எழுதும் கேட்டலாக் பிராக்டிகலில் நம் ஊர்ப் பெயர்கள்தான் சிக்கல். குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயருக்கு இனிஷியல் பின்னால் போகும்: ரங்கநாதன், எஸ்.ஆர். இதையும், 12.5 × 7.5 செ.மீ. அட்டையில் எந்த வரி எங்கே தொடங்கும் என்பதையும் எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதனைச் சொன்னதால் ஒன்று. சீர்காழியில் பிறந்து, கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளை எல்லோரும் ஐந்து மார்க் பதிலாக உருப்போடுகிறார்கள். முதல் விதி ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’. அதைப் படித்த இரவு என் இரண்டு பீரோக்களும் கண்முன் வந்து நின்றன. ஆசிரியராக இருந்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அவரை நம்மில் ஒருவராகவே படிக்கலாம்.

நேர்முகத் தேர்வில் பள்ளி முதல்வர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “வருஷத்துக்கு எத்தனை புக் தொலையும்?” மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ஐப் படித்து வைத்திருந்தேன். வழங்கப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவது இயல்பான இழப்பு. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இருபதாயிரம் நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு வேண்டும். அந்த விதி தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். முதல்வர் அந்த விதியை எழுதிக்கொண்டார். என் பழைய பள்ளியில் இது தெரிந்திருந்தால் மூன்று வருடம் அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்.

வேலை கிடைத்ததும், நூலகப் புத்தகங்களை வரிசை எண்ணோடு பதிந்து வைக்கும் அக்செஷன் ரெஜிஸ்டரில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். வரிசை எண் ஒவ்வொன்றையும் அலமாரியோடு ஒத்துப் பாருங்கள். நான் பொறுப்பேற்றபோது அறுபத்துச் சொச்சம் புத்தகங்கள் இல்லை. பட்டியல் எடுத்து, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை என்னிடம் வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த திங்கட்கிழமை ஆறாம் வகுப்பின் லைப்ரரி பீரியடுக்கு எல்லா அலமாரிகளையும் திறந்துவிட்டேன்.