அழுத்தக்காரியும் நான்கு எழுத்துகளும்

மார்ச் 3, ஞாயிறு

காலையிலேயே அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை. பள்ளி விவாதப் போட்டியிலிருந்து மகள் தன் பெயரை எடுத்துவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "நான் இன்ட்ரோவர்ட் அம்மா. மேடை எனக்கு ஒத்துவராது. சித்தி அனுப்பின டெஸ்ட்லயே அப்படித்தான் வந்துச்சு" என்று சொல்லியிருக்கிறாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "அவகிட்ட என்னதான் சொன்னே?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மூன்று வாரம் முன்பு அந்த ஆளுமைத் தேர்வை அவளுக்கு அனுப்பியது நான்தான். பெண்ணுக்கு 16 வயது. கூட்டத்தில் ஓரமாக நிற்பாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் என்னையே பார்ப்பதுபோல இருக்கும். எனக்கு 26 வயதில் கிடைத்த விளக்கம் இவளுக்குப் பத்து வருடம் முன்னதாகவே கிடைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு பரிசு கொடுக்கிற நினைப்பில்தான் அனுப்பினேன்.

மார்ச் 4, திங்கள்

சின்ன வயதில் வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு: அழுத்தக்காரி. யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவேன். கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராது. "வாயைத் திறக்கிறாளா பார், என்ன அழுத்தம்!" என்பார்கள். உள்ளே எதையோ வைத்துக்கொண்டு வேண்டுமென்றே மறைக்கிறாள் என்கிற குற்றச்சாட்டு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எனக்கு மறைக்க ஒன்றுமே இருந்ததில்லை. சொல்ல வேண்டியது மனதில் உருவாகக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு பயிற்சி வகுப்பில், மனிதரைச் சுபாவப்படி வகை பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். என் வகையைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகள் வந்தன. முதல் எழுத்து ஐ (I), அதாவது இன்ட்ரோவர்ட். அதற்குரிய விளக்கத்தில், இப்படிப்பட்டவர் தனிமையில் தெம்பு பெறுவார், யோசித்து முடித்த பிறகே பேசுவார் என்று இருந்தது. படித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். என் சுபாவத்தை யாரோ முதல் தடவையாகக் குற்றம் சொல்லாமல் எழுதியிருந்தார்கள்.

அதனால் நடந்த நன்மையையும் எழுதிவைக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பார். நான் வாய் திறப்பதற்குள் மூன்று யோசனை சொல்லி, மூன்றையும் அவரே மாற்றுவார். என்னை மதிக்காமல்தான் அப்படிச் செய்கிறார் என்று இரண்டு வருடம் மனதுக்குள் புழுங்கினேன். அவருடைய முதல் எழுத்து ஈ (E), அதாவது எக்ஸ்ட்ரோவர்ட், ஆட்களோடு பழகித் தெம்பு பெறுபவர். அன்றைக்குத்தான் அவர் சொன்னார்: "நான் பேசினால்தான் எனக்கே யோசனை வரும். நீங்க பதில் சொல்லாம இருந்தா, என் யோசனை பிடிக்கலைன்னு நினைச்சுப்பேன்." அதன் பிறகு கூட்டத்தில் பேச வேண்டியதை முந்தின நாளே எழுதி அனுப்பத் தொடங்கினார். அவர் சொல்லும் முதல் வாக்கியத்தை முடிவாக எடுத்துக்கொள்வதை நானும் விட்டேன். அந்த எழுத்துகள் இல்லாமல் இந்தப் பேச்சே நடந்திருக்காது.

எனக்குக் கதவு திறந்த அதே சொல் அவளுக்கு எப்படிப் பூட்டாக ஆனது?

மார்ச் 6, புதன்

இரண்டு நாளாக இரவில் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

மனிதரை வகை பிரிக்கும் ஆசை மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் என்ற மருத்துவர் உடலின் நான்கு நீர்மங்களை வைத்துச் சுபாவத்தை விளக்கினார். இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட் என்ற பிரிவைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங். 1921இல் வந்த அவருடைய நூல் 1923இல் ஆங்கிலத்துக்குப் போனது. அதைப் படித்து மெய்மறந்தவர் அமெரிக்காவின் கேத்தரின் பிரிக்ஸ். அவரும் மகள் இசபெல் மையர்ஸும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தக் கேள்விகளை உருவாக்கத் தொடங்கினார்கள். இருவரும் உளவியல் பட்டம் பெற்றவர்கள் இல்லை. இசபெல் துப்பறியும் நாவல் எழுதியவர். போரால் முதல் தடவையாக வேலைக்கு வந்த பெண்களுக்கு, அவரவர் சுபாவத்துக்கு ஏற்ற வேலை எது என்று காட்டவே இந்த முயற்சி. அந்த நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தொடங்கியதுதான், நான் அவளுக்கு அனுப்பியதைப் போல.

ஆனால் யுங்கே, முழுக்க முழுக்க இன்ட்ரோவர்ட் என்றோ எக்ஸ்ட்ரோவர்ட் என்றோ ஒருவர் இருக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். பயிற்சி வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. அவளிடம் நானும் சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகளின் அறையில் நானும் அவளும் தரையில் உட்கார்ந்து அந்த முடிவை மறுபடி திறந்து பார்த்தோம். ஐ என்ற எழுத்து பெரிதாக இருந்தது. அதன் கீழே சின்னதாக 54 சதவீதம். எதிர்ப்பக்கம் 46. இரண்டு மூன்று கேள்விகளுக்கு வேறு பதில் போட்டிருந்தால் எழுத்தே மாறியிருக்கும்.

"எந்தக் கேள்வி கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கூட்டத்துல இருந்தா உங்களுக்கு உற்சாகமா இருக்குமான்னு ஒண்ணு. யாரோட இருக்கிற கூட்டம்னு போடவே இல்லை சித்தி. எங்க கிளாஸ் பொண்ணுங்க நாலு பேர்னா நான்தான் அதிகமா பேசுவேன். மேடைன்னா கை நடுங்கும். ரெண்டையும் கூட்டிக் கழிச்சு ஏதோ ஒண்ணை அழுத்தினேன்."

கை நடுங்கும் என்றாளே, அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். மேடையில் கை நடுங்குவது பயம். தனிமை பிடிப்பது சுபாவம். இரண்டும் ஒன்றல்ல. தனிமை பிடித்தவர் நடுக்கமே இல்லாமல் மேடையில் பேசலாம், ஊரெல்லாம் நண்பர்கள் உள்ளவருக்கு மைக்கைப் பார்த்ததும் நாக்கு ஒட்டலாம். பயம் பழகப் பழகக் குறையும். அதற்கு 'வகை' என்று பெயர் வைத்துவிட்டால் பழகிப் பார்க்கவே தோன்றாது.

இதை அவளிடம் சொன்னபோது தலையாட்டினாள். ஒத்துக்கொண்டு ஆட்டினாளா, என்னைச் சமாதானப்படுத்தவா என்று புரியவில்லை. போட்டியில் அவள் இடத்துக்கு வேறு பெண்ணின் பெயரைக் கொடுத்தாகிவிட்டது.

மார்ச் 11, திங்கள்

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் வகுப்பில் ஒரு தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் 'உங்கள் ஆளுமை விளக்கம்' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். 39 மாணவர்கள், சராசரி 4.26. அப்புறம்தான் உண்மை தெரிந்தது: எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை கடைகளில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

இதைப் படித்ததும் எனக்கு வலித்தது. கழிவறையில் நான் அழுத அழுகையும் இதுதானா என்று. நெடுநேரம் யோசித்தேன். அப்படி இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். விளக்கம் எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்குமே பொருந்துவதாக இருக்கலாம். ஆனால் 'மெதுவாகப் பேசுவது குற்றமில்லை' என்று ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டிய தேவை எனக்கு நிஜமாகவே இருந்தது.

ஃபோரரின் தாளில் ஒரு வரி: சில சமயம் நீங்கள் கலகலப்பாகப் பழகுவீர்கள், வேறு சில சமயம் ஒதுங்கி இருப்பீர்கள். எல்லாருக்கும் பொருந்தும் வெற்றுப் பேச்சு என்று காட்டத்தான் இந்த வரியை எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கோ, எல்லாருக்கும் பொருந்துகிறது என்பதே கவனிக்க வேண்டிய சேதியாகத் தோன்றுகிறது.

மார்ச் 14, வியாழன்

உயரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவர் எல்லாம் நெட்டை, கீழே இருப்பவர் எல்லாம் குட்டை என்று எழுதினால் என்ன ஆகும்? பெரும்பாலானவர் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். அரை அங்குல வித்தியாசத்தில் இரண்டு பேர் இரண்டு வகையாகிவிடுவார்கள். மையர்ஸ்-பிரிக்ஸ் எழுத்துகளிலும் இதே சிக்கல்தான். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஓர் எழுத்தாவது மாறுகிறது.

இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து அளவுகோல்களை வைத்துப் பேசுகிறார்கள்: புதியதை நாடும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், வெளியே பழகும் தன்மை, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை. இங்கே எழுத்து கிடையாது, கோட்டில் எந்த இடம் என்பதுதான். இது வந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அகராதியிலிருந்து வந்திருக்கிறது! மனிதரைப் பற்றி முக்கியமான விஷயம் எதுவானாலும் மொழி அதற்கு ஒரு சொல் வைத்திருக்கும் என்ற நம்பிக்கை. 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். அந்த வழியில் போனவர்கள் பின்னால் சொற்களைத் தொகுத்துத் தொகுத்து ஐந்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

நானும் தமிழில் எழுதிப் பார்த்தேன். வாயாடி, சிடுமூஞ்சி, தொட்டாற்சிணுங்கி, உம்மணாமூஞ்சி, முசுடு, படபடப்புக்காரர், வெகுளி, கறார், சாது, நிதானி, துறுதுறு. அரை மணி நேரத்தில் நாற்பது சொல். அதில் முக்கால்வாசி திட்டு. அழுத்தக்காரியும் அதில்தான் இருக்கிறாள்.

மார்ச் 17, ஞாயிறு

வில்லியம் ஃப்ளீசன் என்பவரின் ஆய்வு வழியைப் படித்தேன். நீங்கள் எப்படிப்பட்டவர் என்று ஒரு தடவை கேட்பதோடு நிற்காமல், ஒரு நாளில் பல தடவை, இப்போது எப்படி நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவுசெய்ய வைத்தார். ஒரே மனிதர் ஒரு நாளுக்குள்ளேயே மிக அமைதியாகவும் மிகக் கலகலப்பாகவும் மாறிமாறி இருந்தார். ஆனால் ஒரு வாரத்துச் சராசரியை அடுத்த வாரத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதாக மாறவில்லை. ஆக, சுபாவம் என்று ஒன்று நிச்சயம் இருக்கிறது. அது சராசரியில் தெரிகிறது. அந்தந்த நேரத்தில் நாம் அதற்குள் அடைந்து கிடப்பதில்லை.

அவளிடம் சொன்னேன். ஒரு வாரம் செய்து பார்க்கலாம் என்றாள், அவளாகவே. ஒரு நாளைக்கு நான்கு வேளை. எவ்வளவு பேசினேன் என்பதற்கு ஒன்றிலிருந்து ஏழு வரை எண். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு வார்த்தை. அக்காவையும் இழுத்துக்கொண்டோம்.

மார்ச் 24, ஞாயிறு

மூன்று நோட்டையும் விரித்து உட்கார்ந்தோம்.

அவளுடையதில் மூன்று 'ஏழு'கள். மூன்றும் பள்ளியில். அதில் ஒன்று, தன் இடத்தில் பேசப் போகிற பெண்ணுக்கு எதிரணி என்ன கேட்கும் என்று சொல்லிக்கொடுத்த மதியம். "அன்னைக்கு யாரும் என்னைப் பார்க்கலை சித்தி, விஷயத்தைத்தான் பார்த்தாங்க" என்றாள். என்னுடைய சராசரி நான் எதிர்பார்த்தபடியே கீழேதான். ஆனாலும் வேலையிடத்தில் ஒரு நாள் ஆறு இருந்தது. நானே மறந்திருந்தேன்.

அக்காவின் நோட்டைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் வளர்ந்த வீட்டில் கலகலப்பு என்றால் அக்காதான். அவளுக்கு ஆள் இருந்தால் போதும், களைப்பே வராது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். பகல் முழுக்க ஐந்து, ஆறு. ராத்திரி ஒவ்வொன்றும் ஒன்று. ஒரு நாள் எண்ணுக்குப் பக்கத்தில், 'யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"நீ எக்ஸ்ட்ரோவர்ட்னு நினைச்சிட்டிருந்தேன்க்கா."

நோட்டை மூடிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்கு யார் வந்தாலும் நீ உள்ளே போயிடுவே. யாராவது ஒருத்தி உட்கார்ந்து பேசணும் இல்லையா?"

அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்தத் தடவை யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 30, சனி

போட்டி முடிந்தது. அவள் பார்வையாளர் வரிசையில் இருந்தாள். தோழி பேசும்போது ஒரு வரிக்கு உதட்டை அசைத்தாளாம், அது அவள் எழுதிக்கொடுத்த வரி. அடுத்த வருடம் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டில் இருந்தபோது வாசல் மணி அடித்தது. உறவினர் மூன்று பேர். அக்கா எழுந்திருக்கப் போனாள். "நீ படுத்துக்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு நான் முன்னறைக்குப் போனேன். முதல் பத்து நிமிடம் தடுமாறினேன். அப்புறம் பேச்சு தானாக ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து அவர்களை வழியனுப்பிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா தூங்கிப்போயிருந்தாள்.