உபயதாரர் பட்டியல்

திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை கோயில் பத்திரிகைதான். கொடியேற்றம், செடல், தேர், தீமிதி என்று நாள்வாரியாக நிகழ்ச்சி நிரல், ஒவ்வொரு நாளுக்கும் நேரே அன்றைய செலவை ஏற்கும் உபயதாரர் பெயர். சாமி படத்துக்குக் கீழே தேவாரம் ஏதாவது போடச் சொல்வார்கள். நம்ம ஊர்ப் பதிகமே இருக்கிறதே என்று அப்பரின் ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன் தோன்றினராய்’ பாட்டைப் போடுவேன். தாயும் தகப்பனும் கூடப்பிறந்தவர்களும் அவனே என்கிற பாட்டு. அதே தாளில் கொஞ்சம் கீழே வந்தால் கூடப்பிறந்தவர்களில் ஒரு தெருவையே காணோம்.

சாதியை மறுக்கும் இந்து இறையியல் ஒன்றை உருவாக்க வேண்டும் என்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் அப்படிப்பட்ட பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ‘கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்குவீர்’ என்று சாத்திரம் பேசுகிறவர்களைப் பார்த்து அப்பரே கேட்டுவிட்டார். அது ஊர்க்கோயில் வரிக்கணக்கு நோட்டுக்குள் நுழையவில்லை, அவ்வளவுதான்.

ஊர்க்கோயிலில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வரி கொடுத்தவனுக்கு உபயம், உபயம் உள்ளவனுக்குப் பரிவட்டம், அவன் தெரு வழியாகத் தேர். பல ஊர்களில் பட்டியல் சாதியினர் வசிக்கும் காலனியில் வரியே வாங்குவதில்லை. “அவங்களுக்கு எதுக்குப்பா செலவு?” என்று கரிசனமாகத்தான் சொல்வார்கள். வாங்கினால் கணக்குக் கேட்பார்கள். கணக்குக் கேட்டவர்கள், தேர் ஏன் எங்க தெருவுக்கு வரலை என்றும் கேட்பார்கள். தள்ளி வைக்க இதைவிட மரியாதையான வழி கிடையாது.

இதே ஊர்க் காலனிக்காரர்கள் அடுத்த வாரம் தங்கள் மாரியம்மனுக்குப் பத்திரிகை அடிக்க வருவார்கள். நான் எடுப்பது அதே அம்மன் படம்தான், ஒரே ஃபைல். பார்டர் கலர் மட்டும் மாறும்.

1947 ஆலயப் பிரவேசச் சட்டம் வாசலைத் திறந்தது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினரும் அறநிலையத் துறைக் கோயில்களில் அர்ச்சகராக நியமிக்கப்பட்டார்கள். பெரிய காரியம், சந்தேகமில்லை. ஊர்க்கமிட்டியின் நோட்டு அதற்கெல்லாம் அசைந்து கொடுக்காது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், பட்டியல் சாதியினர் உள்ளே வருவது தகராறாகி, திரௌபதி அம்மன் கோயிலுக்கே 2023 ஜூனில் சீல் வைத்தார்கள்.

கதைகளிலும் கை வைக்க வேண்டியிருக்கிறது. நந்தனார் தில்லைக்குள் நுழையத் தீயில் இறங்கி எழ வேண்டியிருந்தது என்கிறது பெரிய புராணம். பத்திரிகையில் அவர் படம் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெருடும். நாளெல்லாம் சிவனையே நினைத்தவரிடம் அந்தத் தீ எதைச் சுட்டெரித்தது? இறங்க வேண்டியவர்கள் வாசலை மறித்து நின்றவர்கள் அல்லவா? அதே சிதம்பரத்தில் அவர் பெயரால் 1916இல் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர், தீக்குப் பதிலாகச் சிலேட்டைக் கையில் கொடுத்தார். நந்தனார் கதைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உரை அதுதான். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி, யார் எவர் என்று கேட்காமல் சோறு போட்டார். கடைசியில் சாதியோடு சமயத்தையும் சேர்த்தே உதறினார். அவரை இந்து என்ற கூட்டுக்குள் திரும்ப அடைப்பது நியாயமில்லை. ஆனால் உள்ளே இருக்கிறவர்கள் அந்த அடுப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

போன ஆடிக்கு வந்த ஒரு பத்திரிகையில் ஐந்தாம் நாள் உபயம் காலனித் தெருவாசிகள் பெயரில் இருந்தது. ப்ரூஃப் பார்க்க வந்த நாட்டாமையிடம் கேட்டேன்.

“பசங்க வரியைக் கொண்டாந்து கட்டிட்டானுங்க தம்பி. ரசீதும் போட்டாச்சு. அப்புறம் பேரைப் போடாம இருக்க முடியுமா?”

“தேர் போற வழின்னு ‘முக்கிய வீதிகள்’னு இருக்குதுங்களே ஐயா, தெருப் பேரைப் போட்டுடலாமா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டிருக்கோம். அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்தி வை. பிளேட் போட்டுடாத.”