அப்பப்பாவின் கட்டில் சட்டம்

நான் கட்டிய மாதிரிக் கப்பலின் இடது பக்க வயிற்றில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, என் பெருவிரல் ரேகை இருக்கிறது. செப்புத் தகடு ஒட்டும்போது கையுறை போட மறந்த ஒரு சனிக்கிழமை செய்த வேலை. அன்று ஒன்றும் தெரியவில்லை. ஆறு மாதம் போக, மற்றத் தகடுகள் மெல்லப் பழுப்பேற, விரல் பட்ட இடம் மட்டும் கறுத்துக் கிளம்பியது. தேய்த்து எடுக்கலாம். எடுத்தால் பக்கத்துத் தகடும் பளபளக்கும், பிறகு அதற்குப் பக்கத்துத் தகட்டையும் தேய்க்கவேண்டும். விட்டுவிட்டேன். "பொலிஸ் தேடி வந்தால் சுகம்" என்றாள் மனுசி.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கிட் என்ன விலை?" என்றுதான். வெட்டிய துண்டுகளோடு பெட்டியில் வருமே, அந்தக் கிட் இல்லை. பிளைவுட், பேரி மரம், நூல், பித்தளைக் கம்பி, செப்பு ரேப், அப்புறம் நாலு வருஷமும் ஏழு மாதமும். அவ்வளவுதான் சாமான்.

கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலீ, எங்கள் திருகோணமலையின் ஆங்கிலப் பெயர். வேலைக்காக இங்கிலாந்தின் வடகிழக்குப் பக்கம் வந்து சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹார்ட்லிபூலுக்குப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. துறையில் மூன்று பாய்மரத்தோடு கறுப்பு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக ஒரு போர்க்கப்பல். பலகையில் ஊர்ப் பெயர். அதற்கு முன் என் ஊரின் பெயரை எழுத்தில் பெரிதாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். கொழும்பு பஸ் நிலையத்தில், பஸ்ஸின் நெற்றியில். சின்னவன் கேட்டான், "அப்பா, இது உங்கட கப்பலா?" ஓம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை.

அது எங்கள் ஊரில் கட்டிய கப்பல் அல்ல. கட்டியது பம்பாயில், 1816இல் தொடங்கி 1817 ஒக்டோபர் 12இல் தண்ணீரில் இறக்கினார்கள். கட்டியவர் ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி. நெப்போலியன் காலத்துச் சண்டைகளில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு, ஆகவே மலபார்த் தேக்கு. ஏரா, அதாவது கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரம், வைத்தபோது அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார்களாம், பார்சிகளின் சடங்கு. பெயர் மட்டும் எங்களுடையது. 1782இல் திருகோணமலைக்கு வெளியே பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த கடற்சண்டையின் ஞாபகம். ஆங்கிலேயர் வென்றதாகச் சொல்ல முடியாத சண்டை அது. துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையிலேயே இருந்தது. இருந்தாலும் பெயர் வைத்தார்கள்.

எனக்குப் பிடித்த கதை வேறு. கப்பலுக்கான வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஏற்றிவந்த 'ஜாவா' என்ற கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரின் 'கொன்ஸ்டிடியூஷன்' அடித்து நொறுக்கிவிட்டது. வரைபடமும் போனது. மறுபடி அனுப்பவேண்டியதாயிற்று. இந்தக் கதையை நான் வாசித்தபோது என் முதல் வரைபடமும் ஏற்கெனவே போயிருந்தது. அமெரிக்கர் தேவைப்படவில்லை. பிரின்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற பெட்டியில் சரி அடையாளம் கிடந்ததைக் கவனிக்காமல் அச்செடுத்து, விலா எலும்பு போன்ற ஆறு வங்குகளை அறுத்து, ஏராவில் நிறுத்திப் பார்த்தபிறகுதான் எல்லாம் நூற்றுக்கு மூன்று பங்கு சிறிது என்று தெரிந்தது. ஆறையும் கொட்டிலுக்குப் பின்னால் எரித்தேன்.

அளவு 72இல் ஒன்று. உண்மையான கப்பலின் பீரங்கித் தட்டு 150 அடி, என்னிடம் 64 சென்றிமீற்றர். அகலம் 40 அடி, என்னிடம் 17. ஒரு மாலுமி இரண்டு புளியங்கொட்டை உயரம்.

வங்கு, ஏரா, பருமல் (பாய் தொங்கும் குறுக்குமரம்) என்று நான் எழுதுவதைப் பார்த்து ஒருவர் "இதெல்லாம் அகராதிச் சொல்லா?" என்று கேட்டார். இல்லை, அப்பப்பாவின் சொல். அவர் டொக்யார்டில் தச்சுவேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போகும்வரை அங்கேதான். அதன் பிறகு உவர்மலை வீட்டு முற்றத்தில் கட்டில், கதிரை, இடைக்கிடை யாருடையதோ வள்ளத்துக்குப் புது ஏரா. கொட்டிலில் தேக்குத் தூள் வாசம் நிற்கும். பழைய தோலும் கொஞ்சம் எண்ணெயும் கலந்தது போல.

ஊர் வீட்டை விற்றபோது எனக்கு வந்து சேர்ந்தது அவர் செய்த கட்டிலின் ஒரு சட்டம். இரண்டரை அடியாக அறுத்து, சாரத்தில் சுற்றி, சூட்கேசில் போட்டுக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் திறந்து பார்த்தவர் "வட் இஸ் திஸ்?" என்றார். "வூட்" என்றேன். அவரும் வேறு கேட்கவில்லை.

தேக்கில் கட்டிய கப்பலை அப்பப்பாவின் தேக்கிலேயே கட்டுவது. கேட்க எவ்வளவு வடிவாக இருக்கிறது! அனுபவமுள்ளவர்கள் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் பலகை சீவி, தண்ணீரில் ஊறப்போட்டு, மகளின் தலைமுடி நேராக்கும் கருவியில் சூடுகாட்டி வளைத்தேன். வளையும்போதே இரண்டு பிளந்தன. வளைந்தது ஒட்டவில்லை, தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பிடிப்பு. அசிற்றோன் போட்டுத் துடைத்தால் ஒட்டும், துடைத்தேன், ஒட்டியது. சரி, வென்றுவிட்டோம் என்று எட்டுப் பலகை ஏற்றிவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.

தேக்கின் துவாரங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு, கால் மில்லிமீற்றராவது இருக்கும். 72ஆல் பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 2 சென்றிமீற்றர் ஓட்டை. என் மாலுமி தட்டில் நடந்தால் கால் பெருவிரல் உள்ளே போய்விடும். அது கப்பல் மாதிரி இல்லை, கட்டில் சட்டத்தைக் கப்பலாக அறுத்த மாதிரி இருந்தது. உண்மையான மரத்தைப் போட்டதால்தான் பொய்யாகத் தெரிந்தது.

எட்டையும் பிடுங்கினேன். பேரி மரத்துக்கு மாறினேன். அது தேக்கே அல்ல, ஆனால் தூரத்தில் நின்று பார்த்தால் அதுதான் தேக்கு.

பலகை அடிப்பதில் இன்னொன்று. வயிற்றில் அகலமாக இருக்கும் கப்பல் அணியத்தில், அதாவது முன்முனையில், ஒடுங்குகிறது, எனவே ஒவ்வொரு பலகையும் நடுவில் ஐந்து மில்லிமீற்றர் என்றால் நுனியில் இரண்டரைக்குச் சீவப்பட வேண்டும். சீவாமல் ஒட்டினால் நாலாவது பலகை மேலே மேலே ஏறி வாழைப்பழத் தோல் மாதிரி நிற்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் ஏரா ஒருபக்கம் இழுபடும். இதை அறிந்திருந்தும் ஒரு நத்தார் விடுமுறையில் உற்சாகத்தில் இடப்பக்கம் ஐந்து பலகை தொடர்ந்து ஒட்டினேன். அதனால் என் ட்ரிங்கோமலீயை மேலிருந்து பார்த்தால் ஒரு மயிரளவு வலப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டு நிற்கும். கண்ணாடிப் பெட்டியை அதற்கு ஏற்றபடி வைத்திருக்கிறேன்.

செப்பு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்தில் கப்பலின் அடியில் புழு துளைக்காமல் செப்புத் தகடு அடித்தார்கள், ஒரு தகடு நாலடி நீளம், பதினாலு அங்குல அகலம். என் அளவுக்குக் குறைத்தால் 17க்கு 5 மில்லிமீற்றர். வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்கிறவர்கள் பாவிக்கும் ஒட்டும் செப்பு ரேப் சரியாக ஐந்து மில்லிமீற்றர் அகலத்தில் வருகிறது! யாரோ எனக்காகவே செய்த மாதிரி. பதினேழு பதினேழாக வெட்டி, சிறு ஆணிகளைக் கட்டையில் பதித்துச் செய்த ஓர் அச்சில் ஒவ்வொன்றாக அழுத்தி ஆணித்தலைப் புள்ளி எடுத்து, பின்னாலிருந்து முன்னுக்கும் கீழிருந்து மேலுக்குமாக ஒட்டவேண்டும். அப்போதுதான் முன் தகடு பின் தகட்டின்மேல் ஏறும், கப்பல் ஓடும்போது தண்ணீர் இடுக்கில் நுழையாது. என் கப்பல் ஓடப்போவதில்லை. ஏறத்தாழ 1,600 தகடு. இரண்டு குளிர்காலம்.

கயிற்று வேலை பற்றி அதிகம் சொல்லமாட்டேன், சொன்னால் விரல் நோகும். ஏணிக்கயிறுக்குப் பின்னால் ஐந்து மில்லிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட கடதாசியை வைத்துக் கட்டினால் படிகள் ஒழுங்காக வரும். முடிச்சுகளை ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினேன். முதலில் பருத்தி நூல் பாவித்தேன். குளிர்காலத்தில் வீட்டில் ஹீற்றர் போட்டுக் காற்று காய்ந்ததும் அத்தனையும் தொய்ந்து கொடிக்கயிறு போல் ஆனது. அறுத்து எறிந்து பொலியெஸ்டரில் மறுபடி.

பீரங்கிகள் பித்தளை. துளைக்கும் மெஷினில் கம்பியைச் சுற்றவிட்டு அரத்தால் கடைந்தேன். ஈயத்தில் வார்ப்பது சுலபம், ஆனால் மரமும் பசையும் விடும் ஆவியில் பெட்டிக்குள் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன்: மேல்தட்டுக்குக் கீழே இருக்கும் பீரங்கிகளில் பாதிக்கு மேல் வெறும் குழாய்முனை. வாசலுக்கு வெளியே தெரிகிறது மட்டும் உண்டு, உள்ளே ஒன்றுமில்லை.

என் நண்பன் ஒருவன் வல்வெட்டித்துறைக்காரன். கொட்டிலுக்கு வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே சொன்னான், "டேய், எங்கட ஆக்கள் கட்டி அமெரிக்கா மட்டும் ஓடின அன்னபூரணி இருக்க, வெள்ளைக்காரன்ர சண்டைக் கப்பலையா கட்டுறாய்?" 1938இல் மசாசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம்வரை போன கப்பல் அது, அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் அதன் வரைபடம் இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் முழு உண்மை வேறு. இந்தக் கப்பலில் ஊர்க்காரன் யாரும் இல்லாமல் ஊர்ப் பெயர் மட்டும் இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 1897இல் உடைக்கிறவர்களிடம் போகவிருந்த அதை ஒரு பணக்காரர் வாங்கிக் காப்பாற்றினார். காப்பாற்றியவர் கப்பலின் பெயரை 'ஃபூட்ராயன்' என்று மாற்றிவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அது ட்ரிங்கோமலீயே அல்ல. 1987இல் ஹார்ட்லிபூலுக்குக் கொண்டுவந்து திருத்தத் தொடங்கியபிறகு, 1992இல்தான் பழைய பெயர் திரும்பியது. இப்போது மிதக்கும் நிலையில் இருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுதான் வயதில் மூத்தது.

அணியத்தில் ஓர் உருவம் இருக்கிறது, தலைப்பாகை கட்டிய ஆள். கிழக்குத் தேசத்து மனிதன் என்றால் தலைப்பாகை இருக்கும் என்று செதுக்கியவர் நினைத்திருக்கலாம். எங்கள் ஊரில் அப்படித் தலைப்பாகை கட்டிய ஒருவரையும் நான் கண்டதில்லை. இருந்தாலும் உள்ளதை உள்ளபடி செய்யவேண்டும் என்று பொக்ஸ் மரத்தில், இரண்டு சென்றிமீற்றர் உயரத்தில், பல் வைத்தியர்களின் ஊசியால் குடைந்தேன். முதல் இரண்டிலும் மூக்குப் போனது. மூன்றாவதில் மூக்கு நின்றது, தலைப்பாகையின் மடிப்புகள் நிற்கவில்லை. கரைவலை இழுக்கிறவர்கள் வெயிலுக்குத் துவாயை முறுக்கிக் கட்டுவார்களே, அந்த மாதிரி வந்துவிட்டது. நாலாவது செய்ய மரம் இருந்தது. செய்யவில்லை.

பெட்டி ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட. பருமல்களைக் குறுக்கே நேராக வைத்தால் பெட்டி அகலம் 42 சென்றிமீற்றர் வேண்டும், அலுமாரிக்கு மேல் நிற்காது. காற்றுக்கு ஏற்றபடி பருமலைச் சரித்து வைத்தேன், 30க்குள் அடங்கியது. கீழே காற்றுப்போக இரண்டு துவாரம். வெயில் படாத சுவர்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. பித்தளையில் தமிழில் பொறிக்கக் கொடுத்தேன். கடைக்காரரின் கொம்பியூட்டருக்கு இரட்டைக்கொம்பும் அரவும் புரியவில்லை. முதலாவதில் 'கோ' மூன்று துண்டாக வந்தது. படம் அனுப்பி விளக்கினேன். இரண்டாவதில் கோ சரி, 'லை'யில் இணைக்கொம்பு பின்னால் போய் நின்றது. மூன்றாவதற்குக் காசு கேட்டார்கள்.

கட்டில் சட்டத்தில் மிச்சம் ஒரு முழம் கிடந்தது. அதில் பென்சிலால் எழுதி, அப்பப்பாவின் சின்ன உளியால் நானே வெட்டினேன். இந்த அளவு எழுத்துக்குத் துவாரம் ஒரு பிரச்சினை இல்லை. 'திருகோணம'வரை மூன்று மாலை. 'லை'யின் கொம்பில் நார் வழியே உளி வழுக்கி ஒரு சில்லுப் பறந்தது. நிலத்தில் முழங்காலில் நின்று தேடி எடுத்து, அசிற்றோன் துடைத்து, திரும்ப ஒட்டினேன். கிட்ட வந்து பார்த்தால் கோடு தெரியும்.