பாவ்லா சிரிக்கும்போது நானும் சிரித்துவிடுகிறேன்

பாவ்லா பிராச்சோ கெட்டவள். கணவனுக்குத் துரோகம் செய்கிறாள், வயதான பாட்டிக்குக் குடிக்க ஊற்றிக் கொடுக்கிறாள், ஓர் ஏழைப் பெண்ணுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி மிரட்டுகிறாள். இவ்வளவையும் பார்த்த பிறகும், முதல் சில எபிசோடுகளில் யாரைப் பிடித்தது என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன். வேறு யாரைச் சொல்வது? மற்ற எல்லோரும் அழுதுகொண்டோ முறைத்துக்கொண்டோ இருக்கிறார்கள், இவள் ஒருத்திதான் ஜாலியாக இருக்கிறாள்.

சீரியலின் பெயர் ‘லா உசுர்பதோரா’, அடுத்தவள் இடத்தை அபகரித்தவள் என்று வைத்துக்கொள்ளலாம். மெக்சிகோவின் தெலெவிசா டி.வி. நிறுவனம் 1998 பிப்ரவரியில் ஆரம்பித்து ஜூலையில் முடித்துவிட்டது. ஆமாம், முடித்துவிட்டது. தெலநொவேலாவுக்கு, அதாவது லத்தீன் அமெரிக்க சீரியலுக்கு, முடிவு என்று ஒன்று உண்டு, சில மாதங்களில் கல்யாணமோ கருமாதியோ நடத்தி எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள், நம் சீரியல்கள் மாதிரி கதாநாயகியின் பேத்தி காலேஜுக்குப் போகும்வரை இழுப்பதில்லை. அதனால் ஆட்களை அறிமுகப்படுத்துவதிலும் ஓர் அவசரம். ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால், அவர் நல்லவரா கெட்டவரா, யார்மேல் கண், யார்மேல் கோபம் என்பதெல்லாம் அவர் உட்காருவதற்குள் நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கன்கூனில் ஒரு சொகுசு ஹோட்டலின் பெண்கள் கழிப்பறையில் பணிப்பெண்ணாக இருப்பவள் பாவ்லினா. அம்மா சாகக் கிடக்கிறார், காதலன் கைவிட்டுவிட்டான். கள்ளக்காதலனோடு ஊர் சுற்ற வந்த பாவ்லா அங்கே இவளைப் பார்க்கிறாள். அச்சு அசல் தன் முகம். வேறு யாராக இருந்தாலும் “நாம் என்ன அக்கா தங்கையா?” என்று கேட்டிருப்பார்கள், பாவ்லாவுக்கோ உடனே தோன்றுவது, இவளை ஒரு வருஷம் என் வீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் நிம்மதியாக ஊர் சுற்றலாமே என்பது. பாவ்லினா மறுக்கிறாள். மறுத்தால் என்ன, ஒரு பிரேஸ்லெட்டைத் திருடியதாக மாட்டிவிட்டால் போயிற்று.

இரண்டு பேருமே கப்ரியேலா ஸ்பானிக்தான். வெனிசுவேலாக்காரர், நிஜத்திலும் இரட்டையர்களில் ஒருவர், சகோதரி பெயர் தனியேலா. டபுள் ஆக்‌ஷன் நமக்குப் புதிதில்லை, ஒருவர் சாதுவாகவும் ஒருவர் முரடாகவும் வந்து நிற்பதைக் கைதட்டிப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். அதனால் இங்கேயும் அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் பார்க்க ஆரம்பித்தேன். பாவ்லினாவின் முதல் காட்சிகள் அதை உறுதிப்படுத்துகிற மாதிரியே இருந்தன: இமை ஓரத்தில் எப்போதும் தயாராக நிற்கும் கண்ணீர், தாழ்ந்த குரல், எந்த அநியாயத்தையும் ஓடிப்போகாமல் நின்று முழுசாகக் கேட்டுக்கொள்ளும் பொறுமை. நல்லவள், சரி. ஆனால் எனக்குக் கொட்டாவி வந்தது.

அப்புறம் பாவ்லினா பாவ்லாவாக வேஷம் போட்டுக்கொண்டு மெக்சிகோ நகரத்து பங்களாவுக்குள் நுழைகிறாள், கொட்டாவி போய்விட்டது. இங்கே மூன்றாவதாக ஒருத்தி வந்துவிடுகிறாள். பாவ்லாவின் உதட்டுச் சாயம், பாவ்லாவின் உடை, பாவ்லாவின் நிமிர்ந்த தலை, ஆனால் கண்ணுக்குள் பாவ்லினாவின் பயம். திமிராகப் பதில் சொல்லிவிட்டு, சொன்னது அதிகமோ என்று ஒரு கணம் தடுமாறுகிறாள், அந்தத் தடுமாற்றம் எதிரில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது, நமக்குத் தெரிய வேண்டும். மிகைநடிப்புக்குப் பேர்போன ஒரு வகையில் இவ்வளவு நுணுக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

மற்ற எல்லோரையும் நமக்குக் காட்டிக்கொடுப்பதும் இந்த வருகைதான். அந்த வீட்டில் ஒவ்வொருவரும் அந்த முகத்தைப் பார்த்ததும் பாவ்லா என்று நினைத்தே பேசுகிறார்கள், பாவ்லினாவுக்கு யார் என்ன உறவு என்பது ஒப்பித்த பாடமாகத்தான் தெரியும். நமக்கும் அதே கதிதான். அவளோடு சேர்ந்து நாமும் இவன் ஏன் இப்படிப் பார்க்கிறான், இவள் ஏன் எரிந்து விழுகிறாள் என்று ஊகித்துக்கொண்டே போகிறோம். ஒரு கூட்டுக் குடும்பத்தையே அறிமுகப்படுத்த இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் கணவன், கார்லோஸ் தானியேல். நடித்திருப்பவர் ஃபெர்னாந்தோ கொலுங்கா. பார்க்க லட்சணமான மனிதர், அதில் எந்தக் குறையும் இல்லை. 1995-இல் ‘மரியா லா தெல் பார்ரியோ’வில் லூயிஸ் ஃபெர்னாந்தோ, 1997-இல் ‘எஸ்மெரால்தா’வில் ஹோசே அர்மாந்தோ, அடுத்த வருஷமே கார்லோஸ் தானியேல். இரட்டைப் பெயர் இல்லாமல் இவரை செட்டுக்குள் விடமாட்டார்கள் போலிருக்கிறது. வேலையும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், நம்ப வேண்டியவளைச் சந்தேகப்படுவது, சந்தேகப்பட வேண்டியவளை நம்புவது. பெண்டாட்டி திடீரென்று பாட்டியை அக்கறையாகக் கவனிக்கிறாள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறாள், ஆனால் கணவன் கிட்டே வந்தால் விலகுகிறாள். இவர் தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, மாறிவிட்டாளே என்று வியக்கிறார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் தோன்றுவதில்லை. மெக்சிகோ சீரியல்களில் நடிகர்கள் காதுக்குள் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு, வசனத்தை அதில் கேட்டபடியே பேசுவது வழக்கம். கார்லோஸ் தானியேல் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஜன்னல் பக்கம் திரும்பி யோசிப்பதைப் பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது, ஆனால் அந்த ஆளுக்கு அந்த மெதுவான மூளை பொருத்தமாகவே இருக்கிறது.

மாறாக, பியெதாத் பாட்டி! கையில் கோப்பையோடு தள்ளாடுகிற இந்தப் பாட்டியை முதலில் காமெடிக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நடித்திருப்பவர் லிபெர்தாத் லமார்க்கே என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1908-இல் அர்ஜென்டினாவில் பிறந்தவர், டேங்கோ பாடகி, அர்ஜென்டினாவின் முதல் பேசும் படங்களில் ஒன்றான 1933-ஆம் வருஷத்து ‘டேங்கோ!’வில் நடித்தவர், அப்புறம் மெக்சிகோவுக்கு வந்து 1947-இல் இயக்குநர் லூயிஸ் புனுவெலின் ‘கிரான் கசினோ’வில் நாயகி. ‘அமெரிக்காவின் காதலி’ என்று லத்தீன் அமெரிக்கா முழுக்கக் கொண்டாடப்பட்டவர், எண்பத்தொன்பது வயதில் ஒரு சீரியலில் குடிகாரப் பாட்டியாக வருகிறார். பிரமாதமாக வருகிறார். போதையில் கண் சொருகிக்கொண்டே ஒரு பார்வை பார்க்கிறார் பாருங்கள், அந்த வீட்டிலேயே முழுக்க விழித்திருப்பவர் அவர் ஒருவர்தானோ என்று சந்தேகமாகிவிட்டது. ஆள்மாறாட்டத்தை முதலில் கண்டுபிடிக்கப் போவது பாட்டிதான் என்று நினைக்கிறேன், கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்க மாட்டார்.

கார்லோஸ் தானியேலின் சகோதரி எஸ்தெஃபானியா விஷயத்தில் கதை எழுதியவர்களோடு எனக்குச் சண்டை. சாந்தல் அந்தேரே நடித்திருக்கிறார். கழுத்துவரை மூடிய உடை, இழுத்துக் கட்டிய முடி, வீட்டில் யாரும் சிரித்தால் ஆகாது. இவளை வெறுக்க வேண்டும் என்று பின்னணி இசை நம்மை வற்புறுத்துகிறது. ஆனால் அவள் பக்கம் இருந்து பாருங்கள்: பாவ்லா மோசமானவள் என்று ஆரம்பத்திலிருந்தே சரியாகச் சொல்கிறவள் இவள் ஒருத்திதான், தன் புருஷனுக்கும் பாவ்லாவுக்கும் தொடர்பு என்பதையும் விழுங்கிக்கொண்டு அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. அவள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆள்தான் தவறிப்போய் பாவ்லினாமேல் விழுகிறது.

அந்தப் புருஷன் பெயர் வில்லி. (ஆம்பிளைதான்.) மனைவி வீட்டுக் காசில் கோட்டு சூட்டு, உழைக்காத கை, கதவோரத்தில் நின்று இளிக்கும் பழக்கம். பாவ்லா திரும்பிவிட்டாள் என்று நினைத்து பாவ்லினாவை ஒரு மூலையில் மடக்கும்போது, பாவம், அவளுக்கு இவன் யார் என்ன என்றே முழுசாகப் புரியவில்லை. சீரியலில் எனக்குக் கை நமைச்சல் எடுத்த ஒரே இடம். கார்லோஸ் தானியேலின் சகோதரன் ரோத்ரிகோ, குழந்தைகள் கார்லித்தோஸ், லிசெத் பற்றி இப்போதைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, லிசெத் அழகாக இருக்கிறாள்.

மூலக்கதை கியூபாவைச் சேர்ந்த இனேஸ் ரொதேனாவுடையது. 1971-இல் வெனிசுவேலாவில் முதலில் எடுத்தார்கள், மெக்சிகோவிலேயே 1981-இல் வேறு பெயரில் வந்தது, 2019-இல் மறுபடி எடுத்தபோது பாவ்லாவை நாட்டின் அதிபர் மனைவியாகவே ஆக்கிவிட்டார்கள். கதை யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிறது. ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பத் தேடிப் பார்ப்பது 1998-ஆம் வருஷத்து பாவ்லாவைத்தான். பிரேசிலில் இதே சீரியலைப் பலமுறை மறுஒளிபரப்புச் செய்திருக்கிறார்கள், அங்கே இணையத்தில் அவள் சிரிப்புக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது.

அவள் இப்போது வெளிநாட்டில் எங்கோ சுகமாக இருக்கிறாள், ஒரு வருஷம் என்று சொன்னாலும் அவ்வளவு நாள் அவளால் ஒரே ஆளோடு தாங்க முடியாது. திரும்பி வந்து தன் வீட்டில் தன்னைவிட நல்ல பெயரெடுத்த ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற காட்சி எப்படியும் வரும். அன்றைக்குக் கார்லோஸ் தானியேல் நெற்றியைச் சுருக்குவார், பாட்டி இன்னொரு கோப்பை கேட்பார். எஸ்தெஃபானியாவிடம் மட்டும் யாராவது மன்னிப்புக் கேட்டால் தேவலை, கேட்க மாட்டார்கள்.